ஒரு பிரதி, பல வயது

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. மழை பெய்யும் மாலையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் கல்லூரிப் பெண், அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும் ஒருவன், நடந்ததை அழுதபடி சொல்லும் மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றும் தாய். கதை இவ்வளவுதான். அந்தத் தாய் செய்தது சரியா என்று தமிழ்நாடு வாதிட்டது. பின்னர் ஜெயகாந்தன் அதே கதையின் மறுபக்கத்தை எடுத்துக்கொண்டார். தாய் அப்படிச் செய்யாமல், அக்கம்பக்கம் கூடும்படி அலறியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள்? தினமணி கதிரில் தொடராக வந்து, 1970இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நாவலாகி, 1972இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது அது. அந்த நாவலுக்குள்ளேயே ‘அக்கினிப் பிரவேசம்’ ஒரு வாரப் பத்திரிகைக் கதையாக வருகிறது. நாவலின் நாயகி கங்கா அதைப் படிக்கிறாள். தன் அம்மாவையும் படிக்கவைக்கிறாள்.

நாவலின் இந்த இடத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். பல வருடங்களாக ஒரே வீட்டில் இருந்தும் தாயும் மகளும் வாய்விட்டுப் பேசாத ஒன்றை, யாரோ ஒருவர் எழுதிய கதை நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. பெயர் வேறு, முகம் வேறு, முடிவும் வேறு என்பதால்தான் அதைப் பேச முடிகிறது. நம் வீடுகளில் பதினேழு வயதுப் பெண் தன் பாட்டியிடம் ‘நீ சொல்வது தப்பு’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்கார முடியாது. ஆனால் ஒரு கதையில் வருகிற தாய் செய்தது தப்பு என்று சொல்லலாம். பாட்டி இல்லை என்று மறுக்கலாம். இருவரும் குரலை உயர்த்தலாம். மரியாதைக்குப் பங்கம் வராமல் சிறியவர் பெரியவரை மறுத்துப் பேசத் தமிழ்க் குடும்பத்தில் இருக்கும் இடங்கள் மிகக் குறைவு. கதையைப் பற்றிய பேச்சு அவற்றில் ஒன்று. அதை நாம் கைநழுவ விட்டுக்கொண்டிருக்கிறோம் என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் இந்தப் பேச்சு யாரும் திட்டமிடாமலே நடந்தது. வீட்டுக்கு வாரப் பத்திரிகை ஒரு பிரதிதான் வரும். யார் முதலில் படிப்பது என்பதில் சண்டை. அப்பா படித்து முடிக்கும்வரை பொறுமையில்லாத பிள்ளைகள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பார்கள். கண் மங்கிய பாட்டிக்குத் தொடர்கதையை யாராவது உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அடுப்படியிலிருந்து ‘கொஞ்சம் நிறுத்துங்க, இதோ வந்துடுறேன்’ என்று ஒரு குரல் வரும். தொடர் முடிந்ததும் பக்கங்களைப் பிரித்தெடுத்து பைண்டரிடம் கொடுத்து அட்டை போட்டு வைப்பார்கள். அந்த பைண்டு வால்யூம்களில் தொடர்கதையின் முதுகுப்பக்கத்தில் ஒரு நகைச்சுவைத் துணுக்கோ, தலைவலித் தைல விளம்பரமோ, வேறு யாருடைய சிறுகதையின் நடுப்பகுதியோ இருக்கும். தொடக்கமும் முடிவும் இல்லாத அந்தச் சிறுகதைத் துண்டுகளைப் படித்துவிட்டு மீதியைத் தாங்களே யோசித்த பிள்ளைகள் பலர் உண்டு. எனக்குத் தெரிந்து கதை எழுத வந்தவர்களில் சிலர் அங்கேதான் தொடங்கினார்கள்.

பத்திரிகை வாங்க முடிந்த வீடுகள் அன்று குறைவு. வாங்க முடியாதவர்களுக்குப் படிப்பகங்கள் இருந்தன, சலூன்கள் இருந்தன, டீக்கடை பெஞ்சு இருந்தது. அங்கும் ஒரு பிரதிதான். அங்கும் ஒருவர் படிக்க நான்கு பேர் கேட்டார்கள். பெண்கள் அந்த பெஞ்சுக்கு வர முடிந்ததில்லை என்பதை மறந்துவிட்டு அந்தக் காலத்தைக் கொண்டாட எனக்கு மனமில்லை.

அந்தப் பெண்களில் ஒருவரிடமிருந்தே தமிழ் நாவலின் ஒரு பெரிய கிளை தொடங்குகிறது. வை.மு. கோதைநாயகி (1901–1960) அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்வார். எழுதப் பழகியிராத காலத்தில் தன் முதல் படைப்பான ‘இந்திரமோகனா’ நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் வாயால் சொல்லி எழுதச் செய்தார். பிறகு ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவற்றில் துப்பறிதலும் உண்டு, குடும்பமும் உண்டு, சமூகச் சீர்திருத்தமும் உண்டு. இவற்றை வெவ்வேறு அலமாரிகளில் வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. முதலில் எதிரில் உட்கார்ந்து கேட்டவர்கள் குழந்தைகளும் பக்கத்து வீட்டுப் பெண்களுமாக இருந்ததால் வந்த விரிவு அது என்று நான் நினைக்கிறேன். இலக்கிய வரலாறுகள் அவருக்கு ஒரு பத்தி கொடுத்துவிட்டுக் கடந்து போகின்றன.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை மூன்றரை ஆண்டுகள் தொடராக வந்தது. இலக்கியத் தரம் பற்றி நமக்குள் ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கட்டும். பன்னிரண்டு வயதில் அதைப் படிக்கிறவர் வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னால் ஓடுகிறார். முப்பதில் திரும்ப எடுக்கும்போது நந்தினி கண்ணில் படுகிறாள். அறுபதில் படிப்பவர், நோயில் படுத்தபடி பழைய குற்றவுணர்வில் புழுங்கும் சுந்தர சோழரிடம் போய் நிற்கிறார். இந்த மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தால் மூன்று பேரும் வேறு வேறு நாவலைப் படித்திருக்கிறார்கள் என்பது பேசத் தொடங்கிய ஐந்தாம் நிமிடத்தில் தெரிந்துவிடும். 2022இலும் 2023இலும் படங்கள் வந்தபோது அது மறுபடி நடந்தது. புத்தகமே கையில் எடுக்காத பேரன், பாட்டியிடம் நந்தினி யார் என்று கேட்டான். பாட்டி சொன்ன பதில் படத்தில் இல்லாதது.

இன்றைக்கு வீட்டில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரை. படிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்ற புலம்பலில் நான் சேர மாட்டேன். புத்தகச் சந்தையில் போய்ப் பார்த்தால் இளைஞர் கூட்டம் நெருக்கியடிக்கிறது. மாறியிருப்பது வேறு. அம்மா படிப்பது மகனுக்குத் தெரியாது, மகன் படிப்பது தாத்தாவுக்குத் தெரியாது. அவன் மொழிபெயர்ப்பிலோ ஆங்கிலத்திலோ ஜப்பானியச் சித்திரக்கதைத் தொகுதிகளைப் படிக்கிறான். அவள் ஆன்லைனில் வாராவாரம் வரும் குடும்பக் கதையின் அடுத்த அத்தியாயத்துக்குக் காத்திருக்கிறாள். தாத்தா சாண்டில்யனை நான்காம் முறையாக எடுத்து வைத்திருக்கிறார். மூவரும் நல்ல வாசகர்கள். ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மூவரும் கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இதில் சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது, பெரும் பத்திரிகைகளின் கதைகளுக்கும் இலக்கியத்துக்கும் இடையே ஒரு கோடு கிழிக்க வேண்டியிருந்தது. க.நா.சு.வின் பட்டியல்கள் அந்தக் கோட்டை அழுத்திப் போட்டன. அது தேவையான வேலை. மௌனியையும் கு.ப.ரா.வையும் அந்தக் கோடுதான் காப்பாற்றிக் கொடுத்தது. ஒரு கதை நல்ல கதையா, சுமாரான கதையா என்று சொல்ல அஞ்சுகிறவர்கள் விமர்சனம் செய்யவே வேண்டாம். ஆனால் கதையை எடைபோடக் கிழித்த கோடு மெல்ல மெல்ல வாசகரை எடைபோடும் கோடாக மாறிவிட்டது. நம் கூட்டங்களில் யாராவது ராஜேஷ்குமாரின் பெயரை எடுத்தால் ஒரு புன்னகை பரவும். அந்தப் புன்னகையைப் பார்த்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வராமல் போன இருபது வயதுக்காரர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருந்த நாம் அங்கே எப்படி வந்து சேர்ந்தோம்? என் தலைமுறையில் பெரும்பாலோர் வந்த வழி ஒன்றுதான். அம்புலிமாமா, கோகுலம், வாண்டுமாமா. பிறகு 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி. தமிழ்வாணனின் சங்கர்லால். அதன்பின் பஸ் ஸ்டாண்டு கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்கள், ராணிமுத்து, மாலைமதி. அங்கிருந்து சுஜாதா. சுஜாதாவுக்குப் பின்னால் ஒரு கதவு திறந்திருந்தது. அவருடைய ‘கணேஷ் – வசந்த்’ கதைகளைத் தேடிப் போனவர்கள் அதே ஆள் கணையாழியின் கடைசிப் பக்கத்தில் எழுதுவதைக் கண்டுபிடித்து, அங்கே அசோகமித்திரனையும் தி. ஜானகிராமனையும் சந்தித்தார்கள். ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாயைச் சிறுவர்கள் நேசித்தார்கள், அதே கதையில் பெரியவர்கள் ஓர் அதிகார அரசைப் படித்தார்கள். வகைமைகளைக் கடந்து வந்ததால்தான் நாம் வாசகர்களானோம். வந்தபின் ஏணியை இழுத்துக்கொள்வது நியாயமில்லை.

வகைமை பற்றிய சண்டை பெரும்பாலும் வயதைப் பற்றிய சண்டைதான் என்று இப்போது நினைக்கிறேன். அப்பா தலைமுறை துப்பறியும் கதையைத் திட்டியது, மகன் அதைப் படித்ததால். மகன் வளர்ந்து தன் மகள் படிக்கும் மாயாஜாலக் கதைகளைத் திட்டுகிறான். ரமணிசந்திரனின் நாவல்களை லெண்டிங் லைப்ரரிகளில் வரிசையில் நின்று எடுத்துப் போன பெண்கள் எத்தனை ஊர்களில்! அவர்கள் அந்தக் கதைகளைத் தங்களுக்குள் பேசினார்கள். கதாநாயகன் மன்னிப்புக் கேட்டது போதுமா போதாதா என்று கம்பெனி வேனில் போகும்போது வாதிட்டார்கள். அந்த வாதத்துக்குள் அவர்களுடைய திருமணங்கள் இருந்தன. நம் இலக்கியக் கூட்டம் எதுவும் அவர்களை அழைத்து, அந்தக் கதைகளில் உங்களுக்கு எது போதவில்லை என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் அம்பையின் கதைகள் அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குழந்தைகள் விஷயத்தில் வேறொரு தவறு நடக்கிறது. கதை முடிந்ததும் ‘இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?’ என்று கேட்கிறோம். நீதியை ஒப்பிக்கக் கற்றுக்கொண்ட குழந்தை, கதையைப் பற்றி நினைப்பதை நிறுத்திவிடுகிறது. அம்புலிமாமாவில் தலைமுறைகள் படித்த விக்கிரமாதித்தன் – வேதாளக் கதையில் இதற்கு மாற்று எப்போதிருந்தோ இருக்கிறது. வேதாளம் கதையைச் சொல்லி முடித்துவிட்டு ஒரு சிக்கலான கேள்வி கேட்கும். யார் செய்தது சரி, யாருக்கு அதிக உரிமை, யார் தியாகம் பெரிது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி மரமேறிவிடும். சரியான பதில் சொன்னதற்காகவே விக்கிரமன் இன்னொரு கதை கேட்க நேர்கிறது. கதைக்குப் பின் பேசும் பேச்சுக்கு இதைவிட நல்ல அமைப்பை நான் பார்த்ததில்லை. விக்கிரமன் சொல்லும் பதிலைக் குழந்தைகள் ஏற்பதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். ராஜாவாக இருப்பதால் அவர் ராஜாவுக்குச் சாதகமாகச் சொல்கிறார் என்றாள் ஒரு சிறுமி.

பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிகளில் சிறு புத்தகங்களைக் கொடுக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு அந்தப் படிகள் அவசியம். எழுத்தைப் படிக்கும் திறனுக்குத்தான் படிகள் வேண்டும். கதையைப் புரிந்துகொள்வதில் அந்தப் படிகள் இருக்கின்றனவா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் கி. ராஜநாராயணனின் ‘கதவு’. எங்கள் ஊர்க் கிளை நூலகத்து வாசகர் வட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை உரக்கப் படித்தோம். ஓய்வுபெற்ற தாலுகா அலுவலக ஊழியர் ஒருவர், விவசாயி ஒருவர், இரண்டு ஆசிரியைகள், கல்லூரி மாணவர்கள், அம்மாக்களோடு வந்த ஏழெட்டுப் பிள்ளைகள். ஓர் ஏழை வீட்டுப் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கதவில் ஏறி பஸ் ஓட்டி விளையாடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்பா பிழைப்புக்காக வெளியூர் போயிருக்கிறார். கதவில்லாத வீட்டில் குளிர் புகுந்து கைக்குழந்தை இறந்துபோகிறது. பிறகு ஒருநாள் பிள்ளைகள் அந்தக் கதவை ஓரிடத்தில் கண்டுபிடித்து ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார்கள்.

படித்து முடித்ததும் பெரியவர்கள் யாரும் பேசவில்லை. ஒரு பையன்தான் முதலில் கேட்டான்: ‘கதவ வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்களா?’ அவனுக்கு அது தெரிய வேண்டும். ஆசிரியை, கதை அதைச் சொல்லவில்லை என்றார். அவன் விடவில்லை. சின்னப் பிள்ளைகளால் தூக்க முடியாது, யாராவது உதவ வேண்டும், அந்த ஊரில் பெரியவர்களே இல்லையா என்றான். கூட்டத்தில் இருந்த நாங்கள் எல்லோரும் கதையை வறுமையின் கதையாக, வரியின் கதையாகப் படித்துப் பழகியவர்கள். உதவி செய்யாத ஊரின் கதை அது என்பதை அவன் காட்டினான். விவசாயி அப்போதுதான் வாய் திறந்தார். அவர் தாத்தா வீட்டில் கிஸ்தி பாக்கிக்கு அண்டாவையும் தவலையையும் தூக்கிக்கொண்டு போனதை, ஊர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னார். அதுவரை சும்மா இருந்த தாலுகா அலுவலகப் பெரியவர், ஜப்தி செய்யப் போகிறவர்களுக்கு அன்று என்ன உத்தரவு இருந்தது, எதைத் தொடலாம் எதைத் தொடக் கூடாது என்று விளக்கினார். அந்தப் பையன் அவரைப் பார்த்து, ‘நீங்க எடுத்திருக்கீங்களா?’ என்று கேட்டான். அவர் சற்று நேரம் கழித்து, ஆமாம் என்றார்.

இந்த உரையாடல் ஒரே வயதினர் கூடும் எந்தக் கூட்டத்திலும் நடந்திருக்காது. மாணவர்கள் மட்டும் இருந்திருந்தால் கதையின் குறியீடுகளைப் பேசிவிட்டுப் போயிருப்போம். குழந்தைகள் மட்டும் இருந்திருந்தால் பஸ் விளையாட்டோடு நின்றிருக்கும்.

கி.ரா.வின் ஊரான இடைசெவலிலிருந்து வந்த இன்னொருவர் கு. அழகிரிசாமி. அவருடைய ‘அன்பளிப்பு’ கதையில் புத்தகங்களோடு வாழும் ஒரு மனிதரைச் சுற்றிக் குழந்தைகள் மொய்க்கிறார்கள். இருவருக்கு மட்டும் டைரி கிடைக்கிறது. கிடைக்காத சாரங்கன், கடைசியில் தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து, அவர் அன்பளிப்பாகத் தந்ததாக எழுதித் தரச் சொல்கிறான். பெரியவர்கள் இதைப் படித்துவிட்டு அந்த மனிதரின் குற்றவுணர்வில் மூழ்கிவிடுவோம். குழந்தைகளோ முதல் பக்கத்திலிருந்தே சாரங்கனைக் கவனித்துக்கொண்டு வருகிறார்கள். அவன் ஒதுங்கி நிற்பது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

எல்லாக் கதையையும் எல்லார் முன்னும் வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். பாலியல் பகடி நிறைந்த நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தபோது கி.ரா.வே அந்த நூலுக்கு ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்று பெயர் வைத்தார். ‘மோகமுள்’ளைப் பத்து வயதில் யாரும் படிக்க வேண்டியதில்லை. ஆனால் பதினாறு வயதைத் தாண்டியவர்களை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருப்பதாகப் பெரியவர்கள் நினைப்பது சரியில்லை. அவர்கள் கையிலிருக்கும் திரையில் இதைவிடக் கடுமையானவை வருகின்றன, பேச ஆளில்லாமல் வருகின்றன.

கடினமான கதைகளில்தான் வயது கலந்த பேச்சுக்கு அதிகத் தேவை இருக்கிறது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) வண்ணார் குடும்பத்து ஆரோக்கியத்தின் கதை. ஊரார் துணியை வெளுத்து, இரவில் வீடுவீடாகச் சோறு வாங்கி வாழும் அவளுடைய வாழ்க்கை மெல்லச் சரிவதை அந்த நாவல் சொல்கிறது. நகரத்தில் வளர்ந்த இருபது வயதுக்காரர் அதைப் படித்ததும் கேட்கும் முதல் கேள்வி, நம்ம ஊரில் இந்த வேலையை யார் செய்தார்கள் என்பதுதான். அதற்குப் பதில் தெரிந்தவர்கள் அவர் வீட்டிலேயே இருக்கிறார்கள். சோறு போட்ட கைகள் அவர்களுடையவை. எந்தத் திண்ணையில் நின்று, எந்தக் குரலில் போட்டார்கள் என்பதும் அவர்களுக்கு நினைவிருக்கும். இன்னொரு வீட்டில் இருப்பவர்கள் அந்தச் சோற்றை வாங்கியவர்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கல்லூரியில் படிக்கிறார்கள். பாமாவின் ‘கருக்கு’ வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இந்த எழுத்துகளைப் பெரியவர்களோடு சேர்ந்து படிக்கும் வேலையை நாம் இன்னும் தொடங்கவேயில்லை. பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் பேசிவிட்டோம், வீட்டில் பேசவில்லை.

1970இல் சென்னையில் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு ஒவ்வொரு மாதமும் இதழ்களில் வந்த சிறுகதைகளைப் படித்து அதில் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. அதன் முடிவுகளோடு எனக்கு எப்போதும் உடன்பாடு இருந்ததில்லை. ஆனால் வார இதழ்க் கதை, மாத இதழ்க் கதை என்று பாராமல் எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்து நாலு பேர் முன் காரணம் சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கு நல்ல ஒழுங்கு. அதில் வயதையும் சேர்த்துக்கொண்டால் போதும். ஊர்தோறும் கிளை நூலகம் இருக்கிறது. பலவற்றில் வாசகர் வட்டம் பெயரளவில் இருக்கிறது. ஒரு மாதம் கல்லூரி மாணவர் தேர்ந்தெடுக்கும் கதை, மறு மாதம் குடும்ப நாவல் படிக்கும் அம்மா கொண்டுவரும் கதை, அடுத்தது ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும் கதை. கதையைக் கூட்டத்திலேயே உரக்கப் படிக்க வேண்டும்; அப்போதுதான் படித்துவிட்டு வராதவரும் எழுத்து தெரியாதவரும் பேச முடியும். முதலில் பேசுவது கூட்டத்தில் மிகச் சிறியவராக இருக்கட்டும். நீதி கேட்க வேண்டாம். எந்த இடத்தில் உனக்குக் கோபம் வந்தது என்று கேளுங்கள். பேச்சாளர், தலைமையுரை, பொன்னாடை எதுவும் தேவையில்லை.

இதைப் படிக்கிற நண்பர்கள் தங்கள் ஊரில் அடுத்து நடத்தும் கூட்டத்துக்குத் தனியாக வர வேண்டாம். தங்களைவிட இருபது வயது சிறியவர் ஒருவரையும் இருபது வயது மூத்தவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். முதல் கதைக்கு ‘கதவு’ போதும்; உரக்கப் படிக்க அரைமணி நேரம்கூட ஆகாது.